லேடீஸ் சீட்

எஞ்சின் நின்ற பிறகும் இந்திராணியின் இடது கால் கிளட்சை விட்டு வரவில்லை. விடு, வந்தாச்சு, ஹேண்ட் பிரேக் இழுத்தாச்சு, கியரில்தான் நிற்கிறது, இனி உருளாது, விடு என்று தன் காலுக்குத் தானே சொன்னாள். கால் கேட்கவில்லை. தொடையிலிருந்து பாதம்வரை தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம். பயமா, அசதியா, சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் சில்வர் ஓக் மரங்கள் நின்றன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு அடியில்தான் சேலம் இருக்கிறது. காலையில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பூட்டி வந்த வீடு அங்கே எங்கேயோ கிடக்கிறது, அவள் இங்கே ஏற்காட்டில் இருக்கிறாள், நடுவில் இருந்த மலை முழுவதையும் அவள் ஓட்டி வந்திருக்கிறாள். அவள். கொண்டலாம்பட்டி இந்திராணி. ஐம்பது வயதுவரை சைக்கிள்கூட மிதித்தறியாதவள். லாரிக்கார அர்த்தனாரி சம்சாரம் என்று சொன்னால்தான் நாலு பேருக்குத் தெரியும். "வந்தாச்சுங்க," என்றாள். பதில் சட்டென்று வராது என்று தெரியும். வாதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் ஆழக் கிணற்றில் இறைத்து வருகிற மாதிரிதான் அவருக்கு வருகிறது. ஆனாலும் காத்திருந்தாள். இடது பக்கச் சீட்டில் அர்த்தனாரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலிழந்த வலது கை, யாரோ கொஞ்ச நேரம் வைத்திருக்கக் கொடுத்த பொருள் போல, மடியில் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பரவாயில்லை என்று சொன்னால் என்ன? அதற்குள் ஜன்னலை யாரோ தட்டினார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்காரர். "டிரைவர் எங்கம்மா? வண்டியக் கொஞ்சம் பின்னால எடுத்து ஓரமாப் போடச் சொல்லுங்க, வேன் ஒண்ணு உள்ள வரணும்." இந்திராணிக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. "நாந்தான் டிரைவர்," என்றாள். அவர் குனிந்து உள்ளே பார்த்தார், முதலில் அர்த்தனாரியை, அப்புறம் அவளை, அப்புறம் ஸ்டீயரிங்கை, அது நிஜமாகவே அவள் முன்னால்தான் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல. "சரிங்க, எடுங்க," என்றார். எடுத்தாள். ஒரே வீச்சில், இரண்டு கார்களுக்கு நடுவில், ஒரு கண்ணாடியும் உரசாமல். அப்போது பார்த்தால் காலில் நடுக்கம் இல்லை.

அங்கிருந்து லேடீஸ் சீட் என்கிற கம்பி போட்ட முனைக்குப் போகிற பாதை, நல்ல கால் உள்ளவர்களுக்குப் பேசிக்கொண்டே நடந்து முடிக்கிற தூரம்தான். அர்த்தனாரிக்கு அது ஒரு பயணம். நாலு கால் ஊன்றுகோலை இடது கையால் முன்னால் வைத்து, இடது காலை எடுத்து வைத்து, பிறகு வலது காலை இடுப்பிலிருந்து வளைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவள் வலப்பக்கம் ஒட்டி நடந்தாள், ஆனால் தொடவில்லை. தொட்டால் பிடிக்காது. வேனில் இறங்கிய குடும்பத்தில் ஒரு ஆள் ஓடிவந்து, "அப்பா, பிடிச்சுக்கட்டுங்களா?" என்றார். "வேண்டாங்க, அவரே வந்துருவாரு," என்றாள் இந்திராணி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால். சொன்ன வேகத்தில் ஒரு கர்வம் இருந்தது, அது அவளுக்கே கேட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டிய மனுஷன். காஷ்மீர் ஆப்பிள், அசாம் டீத்தூள், எதை ஏற்றினாலும் போன மாதிரியே வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார் என்று பட்டறையில் பேச்சு. அவரை யாரோ ஒருத்தர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போவதா? ஆஸ்பத்திரியில் அப்படித்தான் தூக்கினார்கள். அந்த நாளை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். ஆட்டோ கிடைக்காமல் தெருமுனையில் நின்றது, வாசலில் உறை போட்டு மூடிய சொந்தக் கார் நின்றுகொண்டிருந்தது, ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே தரையில் வாய் கோணிக் கிடந்தது. காரை வெறித்துப் பார்த்தாள் அன்றைக்கு. உன்னை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று காரைப் பார்த்துத்தான் கேட்டாள். கேள்வி திரும்பி அவளுக்கே வந்தது. அவர் வீட்டுக்கு வந்து, படுக்கையிலிருந்து எழுந்து உட்காரத் தொடங்கியதும், டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் காலேஜ் பெண்கள். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அவளுக்கு வழிவிட்டார்கள். முதல் தடவை தானாக வண்டியை வாசலுக்குள் கொண்டுவந்தபோது கேட் தூணில் இழுத்துவிட்டாள், கதவு நெடுக ஒரு கோடு. அவர் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் அவள் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது ஊன்றுகோலைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காரில் சாய்ந்து நின்றிருந்தார், அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு. வருத்தமா, கோபமா? அவள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எத்தனையோ. பதில் வர நேரமாகும் என்பதாலேயே கேட்காமல் விட்டுவிடுகிறோம், சென்னையில் இருக்கிற மகன் நவநீதனும் அப்படித்தான், எல்லாம் அவளிடமே கேட்டு அவளிடமே முடித்துவிடுகிறான். வர்ற ஞாயித்துக்கிழம வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேம்மா, அங்க தனியா ஒன்னால முடியாது, அப்பாவப் பாக்க நர்ஸ் ஏற்பாடு பண்ணியிருக்கேன். முடியாது. அந்த வார்த்தைதான் அவளுக்குள் முள்ளாக நின்றது. முடியாது என்று யார் சொன்னது? நர்ஸ் எதற்கு? அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவராகவே ஒரு வார்த்தை சொன்னார். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவரையும் மெல்ல ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். வடக்கே மலை நீலமாக நின்றது. அவர் இடது கையைத் தூக்கிக் காட்டி, "மேல," என்றார். மேல என்றால் எங்கே? தண்ணித் தொட்டியா? "மேல... போவணும்," என்றார். புரிந்ததும், "ஏற்காட்டுக்குங்களா? போலாங்க, நாளைக்கே போலாம்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மலை அவளைப் பார்த்தது. கொண்டை ஊசி வளைவுகள், மேலேயிருந்து இறங்குகிற பஸ்கள், இதுவரை அவள் போன பெரிய மேடே ரயில்வே பாலம்தான். சரி, அது ஒரு பயம், ஓட்டி முடித்தால் போய்விடும் பயம். இன்னொன்று இருந்தது. அது இரவில் படுக்கும்போது சேலைத் தலைப்பில் ஒட்டிய நாயுருவி மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. மேல போவணும். அவங்க மேல போயிட்டாங்க என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒருநாள் அவர் "போதும்" என்றது, பயிற்சி போதும் என்றா? அன்றிலிருந்து மாத்திரைப் பெட்டியை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறாள். சேச்சே, என்ன நினைப்பு இது, மனுஷன் ஆசையாகக் கேட்கிறார், காற்று வாங்கக் கேட்கிறார். காலையில் முதல் சில வளைவுகளில் அந்த நினைப்பு வரவில்லை. ஸ்டீயரிங்கை ஒடிப்பதிலும் கியரை இறக்குவதிலும் மனசுக்கு வேறு இடம் இல்லை. வளைவுக்கு வளைவு, பரவாயில்லையே, பரவாயில்லையே என்று ஒரு குரல் உள்ளுக்குள் பாடிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் அந்த வளைவு வந்தது. மேலேயிருந்து ஒரு டெம்போ ரோட்டை அடைத்துக்கொண்டு இறங்கியது. அவள் நிறுத்தினாள், எஞ்சின் அணைந்தது, மறுபடி சாவியைத் திருப்புவதற்குள் கார் பின்னால் நழுவியது. பின்னால் பஸ். பஸ்ஸின் ஹாரன் அவள் முதுகெலும்புக்குள் அடித்தது. ஒரு கணம் அவள் அவரைப் பார்த்தாள். அவர் இடது கை தொடைமேல் விரிந்து கிடந்தது, நல்ல கை, ஊன்றுகோலைத் தூக்கி வீசுகிற அளவுக்குப் பலமுள்ள கை. குறுக்கே ஒரு நீட்டு நீட்டினால் ஹேண்ட் பிரேக். அவர் நீட்டவில்லை. திரும்பவுமில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி அப்படியே இருந்தார். பிரேக்கை அவளே இழுத்தாள், அவளே சாவியைத் திருப்பினாள், கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முனகுவதைக் கேட்டு, பிரேக்கைத் தளர்த்தி, மேலே ஏறினாள். அவளேதான். ஆனால் அவர் ஏன் கை நீட்டவில்லை? அதன் பிறகு எந்த வளைவிலும் அவளுக்குப் பாட்டுக் கேட்கவில்லை. ஏன் நீட்டவில்லை, ஏன் நீட்டவில்லை என்று கியருக்குக் கியர் அதுவே ஓடியது. விழுந்தால் விழட்டும் என்று இருந்தாரோ?

கம்பிக்கு வந்துவிட்டார்கள். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது, யாரோ பாலாடையைக் கரண்டியால் ஒதுக்குகிற மாதிரி, கீழே ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் குவாரிகள், சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக. அப்புறம் தண்டவாளம், ஜங்ஷன், அதற்கும் அந்தப் பக்கம் கஞ்சமலை. நடுவில் சேலம், இத்தனை பெரிய ஊரா, இதற்குள்ளா நான் நாள் முழுக்க அலைகிறேன், ஐந்து ரோட்டுச் சிக்னலில் ஹாரன் அடித்துத் திட்டு வாங்குகிற இடம் எந்தப் புள்ளி? பிறகு நேர் கீழே பார்த்தாள். மலையை வரிந்து கட்டின கயிறு போல ரோடு கிடந்தது, மடிந்து மடிந்து, மரத்துக்குள் மறைந்து, மறுபடி எட்டிப் பார்த்து. அதில் ஒரு பஸ் ஊர்ந்தது. இந்த ரோட்டிலா வந்தேன்? இவ்வளவுமா? சத்தமாக யாரிடமாவது சொல்ல வேண்டும், பாருங்க, அதோ அந்த ரோடு, அதுல நான் வந்தேன். ஆனால் அர்த்தனாரி கம்பியை நோக்கி இன்னும் ஒரு அடி வைத்தார். ஊன்றுகோல் கம்பியில் மோதி டங்கென்றது. நெஞ்சுயரம்கூட இல்லாத கம்பி. அவள் யோசிக்கவில்லை. ஊரை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள், இரண்டு கையையும் கம்பியில் விரித்துப் பிடித்தபடி. அவர் நின்றார். அவள் தலைக்கு மேலாக ஊரைப் பார்த்தார். காற்று அவர் துண்டைத் தூக்கி அவள் முகத்தில் போட்டது. இப்போது கேட்காவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டேன், சென்னைக்குப் போய் ஒரு பத்தாவது மாடியில் நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

"ஏனுங்க. அந்த வளைவுல வண்டி பின்னால போச்சே. ஹேண்ட் பிரேக் உங்களுக்கு எட்டுந்தானுங்களே. ஏன் கை நீட்டல?"

அவர் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. அவள் காத்திருந்தாள். வேனில் வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், தொலைநோக்கிக்கு வரிசை நின்றது, யாரோ சோளக்கதிர் சுடுகிற வாசனை வந்தது, அவள் அசையாமல் காத்திருந்தாள்.

"வண்டிக்கு," என்றார். நின்றார். மூச்சு வாங்கினார். "வண்டிக்கு... ஒரு... டிரைவருதான்."

"நான் என்னென்னமோ நெனச்சுட்டனுங்க," என்றாள். "மேல போவணும்னீங்க. போதும்னீங்க ஒரு நாளு. நீங்க பாட்டுக்கு..." அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கம்பியில் விரிந்திருந்த அவள் கைகளுக்குப் போனது, ஒரு கை, இன்னொரு கை, அவளுக்குப் பின்னால் இருந்த பள்ளம். புரிந்துவிட்டது அவருக்கு. முகத்தின் அசைகிற பாதி முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது. "கிறுக்கி," என்றார். திக்காமல், இழுக்காமல், கல்யாணமான புதிதில் சொல்வாரே அதே மாதிரி முழுசாக. திட்டு வார்த்தை மட்டும் இறைக்காமலே வருகிறது போலிருக்கிறது. இந்திராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு பேருமாக ஊரைப் பார்த்தார்கள். அப்படியென்றால் எதற்காக வந்தார், எதற்காக மேலே போக வேண்டும் என்றார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் இப்போது முள் இல்லை.

அது தானாகவே வந்தது. அவர் ஊன்றுகோலைத் திருப்பிப் பாதையின் மறுபக்கம் நடக்கத் தொடங்கினார், வந்ததைவிட வேகமாக, வழி தெரிந்தவர் போல, பஜ்ஜிக் கடைகள் இருக்கிற பக்கம். கடைசிக் கடையில் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தவன் நிமிர்ந்தான், கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு, "அண்ணா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். மாது. அர்த்தனாரியின் லாரியில் பல வருஷம் கிளீனராக இருந்தவன், கல்யாணம் ஆனதும் மலையேறி இந்தக் கடையைப் போட்டுக்கொண்டவன். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்கப்புறம் யாரும் வந்து பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் அவனும் வரவில்லை. "எப்படிண்ணா வந்தீங்க? நவநீ கூட்டிட்டு வந்தானா? அண்ணி, ஒரு போன் பண்ணக் கூடாதா, நான் கீழ வந்து வண்டிய எடுத்துட்டு வந்திருப்பனே!" அர்த்தனாரி பெஞ்சில் உட்காரவில்லை. ஊன்றுகோலை மேசைமேல் சாய்த்துவிட்டு, விடுபட்ட இடது கையைத் தூக்கி அவளைக் காட்டினார். மாடியில் மலையைக் காட்டினாரே, அதே கை. "இவ," என்றார். "இவ... ஓட்டுனா." மாது சிரித்தான், வேடிக்கை என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. "பூரா... மலையும்." மறுபடி மூச்சு. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் போதும் என்று சொல்ல வாயெடுத்தாள், அவர் கையால் அடக்கினார், இன்னும் இருக்கிறது என்று. "ஒரு எடத்துல... கூட... வண்டி... பின்னால... வரல."

பொய். பச்சைப் பொய். அவர் வாதத்துக்குப் பிறகு பேசியதிலேயே நீளமான பேச்சு, அது முழுக்கப் பொய். இந்திராணி தலையைக் குனிந்துகொண்டு மேசையில் கிடந்த தேங்காய்ச் சட்னித் துளியையே பார்த்தாள். நிமிர்ந்தால் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். இதற்குத்தானா? இதைச் சொல்லத்தானா? மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு, மாதுவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தனக்குள் வார்த்தையை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தாரா, எத்தனை நாளாக? மாது அவளைப் பார்த்தான். கிண்டல் போய்விட்டிருந்தது. "அண்ணி," என்று மட்டும் சொன்னான், அப்புறம் அடுப்புப் பக்கம் ஓடினான், பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது, கருகட்டும் என்று சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் புதிதாக மாவு கரைத்தான். அவளுக்குப் பெரிய டம்ளரில் டீ போட்டான். டிரைவர் டீ என்றான். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நவநீதன் போன் வந்தது. வீட்டு நம்பரை எடுக்கவில்லையே, எங்கே போனீங்க என்றான். "ஏற்காட்டுல இருக்கறம்டா." யார் கூட்டிட்டுப் போனா என்றான், உடனே. "நாந்தான் ஓட்டியாந்தேன்." அவன் மேலே கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நவநீ, ஞாயித்துக்கிழம நீ வா. வந்து நல்லாச் சாப்பிட்டுட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. நாங்க வரல." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். இதை அவரிடம் கேட்காமல் சொல்கிறோமே, மகன் செய்ததையே தானும் செய்கிறோமே என்று ஒரு கணம் உறைத்தது. போனைக் கையால் மூடி, "ஏனுங்க, சரிதானுங்களே?" என்றாள். அவர் வாயில் பஜ்ஜி இருந்தது. தலையை அசைத்தார், பலமாக, துண்டு நழுவிவிழுகிற அளவுக்கு.

கிளம்பும்போது மாது கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தான். "ஏறறதுகூடப் பரவால்ல அண்ணி, எறக்கந்தான் ஆபத்து. நான் கீழ வரைக்கும் ஓட்டியாந்து உட்டுட்டு பஸ் ஏறி வந்தர்றேன்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "இருக்கட்டும் மாது," என்றாள் இந்திராணி. "நான் எறக்கிக்கறேன்." அர்த்தனாரி ஏற்கெனவே இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். அவள் இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினாள். எஞ்சின் வண்டியைத் தன் கையில் பிடித்து வைத்திருப்பது காலுக்கே தெரிந்தது. பயம் இருந்தது. இருக்கட்டும், அதுவும் ஒரு ஆள் போல பின்சீட்டில் உட்கார்ந்து வரட்டும். ஒரு வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறிவந்தது, கூட்டமும் புகையுமாக. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அவள் நல்ல தூரத்திலேயே ஒதுங்கி, சுவரை ஒட்டி நிறுத்தினாள். பஸ் முழுசாக வளைந்து, அவளைக் கடந்தது. கடக்கும்போது பஸ் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்தினார், ரோட்டில் ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்கு வைக்கிற சலாம். பக்கத்துச் சீட்டில் அர்த்தனாரியின் இடது கை பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு மெதுவாகத் தன் தொடைக்கே இறங்கியது. அவர் அவளைப் பார்த்தார்.

இந்திராணி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, பஸ்ஸுக்குப் பதில் சலாம் வைத்தாள்.